கம்பஸும் தின்னவேலியும்



யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்ன படிப்பிக்கிறது, எப்படிப் படிப்பிக்கிறது என்று பேச இந்த ஊரில் ஆட்கள் நிறைய உண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை. பரமேஸ்வராச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி இராமநாதன் வீதியால் நடந்து வரும் ஒரு புதுமுக மாணவி கண்ணில் படுகிற கடைகள், மாடிவீடுகள், 'அறை வாடகைக்கு உண்டு' என்று மதிலில் ஒட்டிய துண்டுகள் ஆகியவைதான் இன்றைய பொருள். அவை எப்படி அங்கே வந்தன, அவற்றுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு பாதியை அரசாங்கம் கட்டியது. மற்றப் பாதியைத் தின்னவேலி என்று நாம் சொல்லும் திருநெல்வேலியும் கொக்குவிலும் கட்டின. படுக்க இடம், சாப்பாடு, குளிக்கத் தண்ணீர், இரவில் படிக்க வெளிச்சம், ஆபத்தில் ஒளிந்துகொள்ள ஒரு வீடு எல்லாவற்றையும் அயல்தான் கொடுத்தது. இந்த இரண்டாம் பாதி எந்தக் கட்டட வரைபடத்திலும் இல்லை. ஆகவே அதன் வாடகைக்கும் கழிவுக்கும் அங்கே நடக்கிற அநியாயத்துக்கும் பொறுப்பாளி என்று எவரும் இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு நூறு வருடம் பின்னே போகவேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரியை நிறுவினார். ஆண்களுக்கான பரமேஸ்வராக் கல்லூரி 1921இல் இங்கே தொடங்கியது. அப்போது இந்தப் பக்கம் தோட்டக்காணி: செம்மண், துலாக்கிணறு, வெங்காயம், மரவள்ளி, புகையிலை. இராமநாதனின் தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம் கொழும்பில் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தொடங்கி, இந்தத் தீவுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தவர். தம்பி பல்கலைக்கழகம் கேட்டார், அண்ணன் பள்ளிக்கூடம் கட்டினார். 1974இல் அன்றைய ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வளாகம் அமைக்க முடிவானபோது, அண்ணனின் பள்ளிக்கூடந்தான் அதற்கு இடமாயிற்று.

அந்த முடிவு எல்லோருக்கும் பிடித்த முடிவு அல்ல. தமிழருக்கான பல்கலைக்கழகம் திருகோணமலையில் வரவேண்டும் என்ற கோரிக்கை அதற்கு முன்பே பலமாக இருந்தது. அந்த வழக்கை நான் இப்போது திறக்கப்போவதில்லை. இன்றைய பேச்சுக்கு வேண்டியது வேறு. வெறுங்காணியில் திட்டமிட்டு எழும்பிய வளாகம் அல்ல இது. ஒரு பாடசாலையின் வகுப்பறைகளுக்குள்ளும் மைதானத்துக்குள்ளும் வந்து குடியேறியது. விஞ்ஞானப் படிப்பு முதலில் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவு இருந்த இடத்தில் நடந்து, பிறகுதான் இங்கே வந்தது. அந்த இடமும் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கிய கிராமந்தான். கலாநிதி கைலாசபதி முதல் வளாகத் தலைவர். 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது பேராசிரியர் வித்தியானந்தன் முதல் துணைவேந்தர். வளாகம் வந்ததோடு பரமேஸ்வராக் கல்லூரி இல்லாமற் போயிற்று. ஊர் தன் பள்ளிக்கூடம் ஒன்றைக் கொடுத்துத்தான் பல்கலைக்கழகத்தைப் பெற்றது என்பதைப் பழைய மாணவர்கள் இன்னும் சொல்லுவார்கள். சொல்லத்தான் வேண்டும்.

பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைகளுக்கென்று அமைந்த பள்ளிக்கூட வளவில் வகுப்பறை இருக்கும், கோயில் இருக்கும், விளையாட்டு மைதானம் இருக்கும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படுத்தெழும்ப இடம் இருக்காது. தின்னவேலியின் பிறகான கதை முழுவதும் இந்த ஒரு குறையிலிருந்து பிறந்தது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் 1952இல் பேராதனைக்குப் போனது. லண்டன் நகரத் திட்டத்தால் பெயர் பெற்ற பேட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹாலிடேயும் வரைந்த திட்டம். ஒரு பக்கம் மகாவலி, மறுபக்கம் ஹந்தானை மலை. நடுவில் பூமரங்களும் பெரிய விடுதிகளும். மாணவர் உள்ளேயே உண்டு, உள்ளேயே உறங்கி, உள்ளேயே வாதாடி மனிதராக வெளிவரவேண்டும் என்பது ஜெனிங்ஸின் எண்ணம். அருணாசலத்தின் பெயரிலும் இராமநாதனின் பெயரிலும் அங்கே விடுதிகள் உண்டு. அயல் என்று ஒன்று இருப்பதே அந்தத் திட்டத்துக்கு இடைஞ்சல். அழகான இடம், நானும் மறுக்கவில்லை. ஆனால் 1960களில் சிங்களத்திலும் தமிழிலும் படித்த பிள்ளைகள் பெருந்தொகையாக உள்ளே வந்தபோது விடுதிகள் பிதுங்கின, மாணவர்கள் பக்கத்துக் கிராமங்களில் அறை தேடிப் போனார்கள். அயல் வேண்டாம் என்று கட்டிய இடத்துக்கும் பத்து வருடத்தில் அயல் தேவைப்பட்டது.

அயலும் பல்கலைக்கழகமும் முட்டிக்கொள்வது புதிதும் அல்ல, நமக்கு மட்டும் உரியதும் அல்ல. ஒக்ஸ்போர்ட்டில் 1355 பெப்ரவரி 10ஆம் திகதி ஒரு தவறணையில் வைன் சரியில்லை என்று இரண்டு மாணவர்கள் தொடங்கிய வாய்த்தர்க்கம் நகரக் கலவரமாகி, 63 கல்விமான்கள் இறந்ததாகக் கணக்கு. அரசன் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றான். நகரபிதாவும் நகரத்தாரும் வருடாவருடம் தலைகுனிந்து 63 பென்னி அபராதம் கட்டவேண்டும் என்று விதித்தார்கள். அது 1825 வரை நடந்தது. அங்கே நகரம் கட்டியது அபராதம் என்று பெயர் சொல்லி, எண்ணிக் கொடுத்த காசு. நம் ஊர் கட்டுவதற்குப் பெயர் இல்லை, எண்ணினவரும் இல்லை.

இனி வீடுகளுக்கு வருவோம். இங்கே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வீடு என்பது பெரும்பாலும் மகளுக்குக் கொடுப்பதற்காகக் கட்டப்படுவது. சீதன வீடு. தேசவழமைச் சட்டம் அதை அவளுடைய சொத்தாகவே வைத்திருக்கிறது. எண்பதுகளிலிருந்து அந்த மகள்மார் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போனார்கள். வீடு நின்றது, ஆள் இல்லை. விற்க மனமில்லை, விற்றால் ஊரில் வேர் அறுந்துபோகும் என்ற பயம். பூட்டி வைத்தால் கறையான். இந்த இடத்தில் கம்பஸ் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். முன் அறையில் தாயோ பெரியம்மாவோ இருக்க, உள் அறைகளும் பின் விறாந்தையும் வாடகைக்குப் போயின. பிறகு வெளிநாட்டுக் காசில் மேல்மாடி எழும்பியது. அது மகளுக்காக அல்ல, வாடகைக்கு என்றே எழும்பியது. அறைக்குள் இரண்டு கட்டில், பிறகு நான்கு. கலட்டிப் பக்கமும் ஆடியபாதம் வீதிப் பக்கமும் போய்ப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கென்று கட்டின வீட்டின் முற்றத்தில் இருபது சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் நிற்கும்.

புலம்பெயர்வு இல்லாவிட்டால் இந்தப் பல்கலைக்கழகம் இந்த அளவுக்கு வளர்ந்திருக்க முடியாது என்று நான் துணிந்து சொல்வேன். வெளிக்கிட்டுப் போனவர்களின் வெறும் வீடுகள்தான் உள்ளே வந்தவர்களின் விடுதிகள். ஆனந்தகுமாரசுவாமி விடுதி, பாலசிங்கம் விடுதி என்று வளாகத்துக்குச் சொந்தமான விடுதிகள் உண்டு. ஆனால் நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களைப் போல முதல் வருடத்தாருக்கும் கடைசி வருடத்தாருக்குந்தான் முன்னுரிமை. இடையில் உள்ள வருடங்களுக்கு விடுதிப் பொறுப்பாளர் திருநெல்வேலி அன்ரி.

இந்த அன்ரியைப் பற்றி எந்த ஆண்டறிக்கையிலும் ஒரு வரி இல்லை. அம்பாறையிலிருந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவிக்கிறவர் அவர். பரீட்சை நாளில் விடியப்புறம் கதவு தட்டி எழுப்புகிறவர் அவர். அதே ஆள்தான் மூன்று மாத முற்பணம் கேட்டு, ஃபானுக்குத் தனிக்காசு வாங்கி, ஆறரைக்குப் பிறகு பெண்பிள்ளைகள் வெளியே நிற்கக்கூடாது என்று சட்டம் போடுகிறவரும். மஹாபொல உதவிப்பணம் பல வருடங்கள் மாதம் 5,000 ரூபாயில் அசையாமல் நின்றது. அந்த வருடங்களில் வாடகை நிற்கவில்லை. இடைவெளியைப் பிள்ளைகள் எப்படி நிரப்பினார்கள்? ரியூசன் சொல்லிக் கொடுத்து. வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வாடகையில் கழித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தின் ரியூட்டரிகளில் உயிரியலும் இரசாயனமும் படிப்பிக்கிற இளம் ஆசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் பட்டம் பெறாத கம்பஸ் பிள்ளைகள் என்று ஒரு மாலையில் கொக்குவில், நல்லூர்ப் பக்கம் சுற்றினாலே தெரியும். ஊரின் அடுத்த தலைமுறையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வேலையின் ஒரு பகுதி இந்த வாடகை அறைகளிலிருந்துதான் நடக்கிறது.

இந்த வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அயலைப் புகழ வந்தவன் ஆகிவிடுவேன். அறை கேட்டு வரும் பிள்ளையிடம் முதலில் கேட்கப்படுவது 'எந்த ஊர்?' அடுத்தது 'ஊரில எந்தப் பக்கம்?' மூன்றாவது கோயிலைப் பற்றியதாக இருக்கும். இந்தக் கேள்விகள் எதை அளக்கின்றன என்று இந்தச் சபையில் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. மலையகத்திலிருந்து வந்த பிள்ளைக்கு, முஸ்லிம் பிள்ளைக்கு, சில குறிச்சிகளிலிருந்து வந்த பிள்ளைக்கு 'இப்பதான் அறை குடுத்திட்டம்' என்ற பதில் மிகவும் மரியாதையான குரலில் வரும். பல்கலைக்கழக அனுமதி இசற் புள்ளியாலும் மாவட்டக் கோட்டாவாலும் நடக்கிறது, யாரும் பகிரங்கமாகக் கேள்வி கேட்கலாம். அறை அனுமதி படலையில் நடக்கிறது, அதற்கு மேன்முறையீடு கிடையாது. ஆனால் அதே படலைகள் காலப்போக்கில் இளகியதையும் பார்த்திருக்கிறேன். வாடகைக்கு ஆள் வேண்டும் என்ற தேவை, சீர்திருத்தக் கூட்டங்கள் செய்ய முடியாத சில வேலைகளைச் சத்தமில்லாமல் செய்தது. ஏ-9 பாதை திறந்து தெற்கிலிருந்து சிங்கள மாணவர்கள் வரத் தொடங்கிய பிறகு, சந்தியில் மரக்கறி விற்கிறவர் சிங்களத்தில் விலை சொல்லப் பழகினார். 2016 யூலையில் விஞ்ஞான பீட வரவேற்பில் கண்டிய மேளத்தையும் சேர்ப்பதா என்று உள்ளே கைகலப்பு நடந்தது. வெளியே அன்றைக்கும் கடை திறந்துதான் இருந்திருக்கும். அதனால் வெளியே எல்லாம் சுமுகம் என்று முடிவு கட்டாதீர்கள், வியாபாரத்துக்கு அதன் சொந்த நியாயம் உண்டு.

பகிடிவதையும் இந்த வீடுகளோடு சேர்ந்த விஷயம். வளாகத்துக்குள் காவலும் கமெராவும் கூடக்கூட, பகிடிவதை மதிலைத் தாண்டி வாடகை வீடுகளுக்குப் போனது. சிரேஷ்ட மாணவர்கள் வருடாவருடம் கைமாற்றிக்கொள்கிற, வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் அதற்கு வசதி. இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கேட்டால் அயலார் யன்னலைச் சாத்திக்கொள்வார்கள், கம்பஸ் விஷயம் என்று. நிர்வாகமோ அது வெளியே நடந்தது என்று சொல்லும். ஆனால் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் கல்வி நிறுவனத்தின் உள்ளேயோ வெளியேயோ என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் மதிலைக் கண்டுகொள்ளவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் நாம்தான், இரு பக்கத்திலும்.

அடுத்தது தண்ணீர். புவியியல் படித்தவன் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைதான் நமக்கு எல்லாம். மாரியில் பெய்வது மெல்லிய செம்மண்ணுக்குள் இறங்கி, வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கிறது. கடல்நீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய நன்னீர்ப் படலம். அதைத்தான் ஒவ்வொரு வளவிலும் கிணறு வெட்டி அள்ளுகிறோம். மண் தடிப்பாக இருந்தால் அழுக்கை வடிகட்டும். சுண்ணாம்புக்கல் வெடிப்பு வடிகட்டாது, அப்படியே இறக்கிவிடும். குடாநாட்டு நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடிக்கொண்டு போவது பல காலமாக ஆராய்ச்சிகளில் தெரிந்த சங்கதி. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டங்களில் போடும் உரம் ஒரு காரணம், மலக்குழிகள் இன்னொரு காரணம். நமக்குக் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை. ஒவ்வொரு வீட்டுக் கழிவும் அந்தந்த வளவுக்குள்தான் இறங்குகிறது.

இனிக் கம்பஸைச் சுற்றி என்ன நடந்தது என்று பாருங்கள். வெங்காயத் தோட்டம் வீடானபோது உரம் நின்றது, நல்லது. ஐந்து பேருக்கென்று வெட்டின குழியை இருபது பேர் பாவிக்கத் தொடங்கினார்கள். மேல்மாடி எழும்பியது, குழி பெரிதாகவில்லை. காணி துண்டுதுண்டாகப் பிரிந்ததால் என் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் இடையில் ஒரு மதில் மட்டும். மழைநீர் இறங்கிய முற்றங்கள் சீமெந்தாகின. மண்ணுக்குள் போகிற நல்ல தண்ணீர் குறைந்து, கெட்ட தண்ணீர் கூடியது. வீட்டுக்காரருக்கு இது புரியாமல் இல்லை. குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்குகிறார், பிள்ளைகளுக்கும் வாங்கச் சொல்லுகிறார். வாங்க முடியாதவன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறான்.

எனக்கு விளங்காதது ஒன்று. மருத்துவ பீடம் ஆடியபாதம் வீதியில் இருக்கிறது. இரசாயனத் துறை இராமநாதன் வீதியில் இருக்கிறது. புவியியல் துறை இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். வளாக மதிலிலிருந்து அரை மைல் சுற்றுவட்டத்தில் உள்ள ஒவ்வொரு கிணற்றையும் வருடத்தில் இருமுறை, மாரிக்குப் பின்னும் கோடையிலும், அளந்து அந்தப் பெறுபேற்றை நல்லூர்ப் பிரதேச சபையில் ஒட்டினால் என்ன? ஆய்வும் ஆயிற்று, அயலுக்கு ஒரு கணக்கும் கொடுத்ததாயிற்று. வாடகைக்கு விடும் வீட்டுக்கு மாடி அனுமதி கொடுக்கும்போது குழியின் கொள்ளளவைப் பார்க்கச் சபைக்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

யுத்த காலத்தைத் தொடாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. 1983 யூலை 23 இரவு 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட தாக்குதல் நடந்தது திருநெல்வேலியில், பலாலி வீதியில். அதைத் தொடர்ந்து தெற்கில் நடந்தது உலகத்துக்குத் தெரியும். 1987 ஒக்டோபர் 11 நள்ளிரவு தாண்டி இந்திய அமைதிப்படை ஹெலிகொப்டரில் வந்து இறங்கியது இந்த மைதானத்தில். புலிகளின் தலைமைத்தளம் ஒன்றைத் தேடி வந்தார்கள். இறங்கிய சிப்பாய்களில் பலர் மாண்டார்கள். அதன் பிறகு பக்கத்து ஒழுங்கைகளில் வீட்டுக்குள் இருந்த சாதாரண சனங்கள் கொல்லப்பட்டார்கள். வளாகம் பக்கத்தில் இருப்பதன் விலையை அன்று அயல் உயிரால் கொடுத்தது.

அந்த விலையை எழுதி வைத்தவர்களும் வளாகத்துக்குள்ளிருந்துதான் வந்தார்கள். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன், ராஜினி திராணகம ஆகிய நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' வீடு வீடாகச் சனங்களிடம் கேட்டுத் திரட்டிய பதிவு. பல்கலைக்கழகம் தன் அயலுக்குச் செய்த ஆகப் பெரிய ஆய்வு அதுதான் என்பேன். அந்த ஆய்வுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை, எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை. உடற்கூற்றியல் துறைத் தலைவரான ராஜினி 1989 செப்டெம்பர் 21 அன்று மருத்துவ பீடத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில், திருநெல்வேலியில், சுட்டுக் கொல்லப்பட்டார். நூல் அச்சாகி வந்தது அடுத்த வருடம். வளாகத்துக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள அந்தச் சைக்கிள் தூரம் எவ்வளவு பொதுவான இடமோ அவ்வளவு பாதுகாப்பில்லாத இடமும் என்று ஊர் அன்று கண்டது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பவுண் மாதிரி. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் வீட்டுப் பிள்ளையும் கம்பஸ் பிள்ளையும் ஒரே மேசையில் படித்தார்கள், எண்ணெய் இரண்டுக்குப் போதாது என்பதால். 1995 ஒக்டோபர் 30 இடம்பெயர்வில் அந்த மேசைகளை விட்டுவிட்டு வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் ஒரே வீதியால் தென்மராட்சிக்கு நடந்தார்கள். கம்பஸும் ஊரும் ஒருங்கே காலியான நாள் அது. கொரோனாக் காலம் வேறு மாதிரி: ஊர் இருந்தது, பிள்ளைகள் இல்லை. ஃபொட்டோகொப்பிக் கடை, சாப்பாட்டுப் பார்சல் கொடுத்த வீடு, சைக்கிள் திருத்துகிறவர், கொத்துரொட்டிக் கடை எல்லாம் அடுத்தடுத்து நொடிந்தன. பிள்ளைகளின் சத்தத்தைப் பற்றி முறைப்பாடு சொன்னவர்களே எப்போது திறப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரதான வாயிலைப் பற்றி ஒன்று. வளவுக்குள் இருக்கும் பரமேஸ்வரன் கோயிலுக்கு அயலார் வருவார்கள், அது பள்ளிக்கூடக் காலத்து உறவு. 2001 ஜனவரி 17 பொங்குதமிழ் எழுச்சிக்குச் சனம் திரண்டது இந்த மைதானத்தில். 2021 ஜனவரி 8 இரவு வளவுக்குள் நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தபோது செய்தி கேட்டு ஆட்கள் வந்து நின்றது இந்த வாசலில், மாணவர்கள் மட்டுமல்ல, சாரத்தோடு வந்த அயலவர்களும். மூன்று நாளில் துணைவேந்தரே திரும்ப அடிக்கல் நாட்டவேண்டி வந்தது. அந்த வளவில் என்ன நிற்கவேண்டும் என்பதில் தனக்கும் ஒரு சொல் உண்டு என்று ஊர் நினைக்கிறது. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. பேரவையில் பீடாதிபதிகள் இருப்பார்கள், மூதவைப் பிரதிநிதிகள் இருப்பார்கள், மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியார் இருப்பார்கள். பக்கத்துப் பிரதேச சபைக்குச் சட்டப்படி ஓர் ஆசனமும் இல்லை. வளாகத்தின் கழிவு தன் எல்லைக்குள் இறங்குகிற சபைக்கு!

சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் போகவேண்டும், அது நம் ஆயுளில் நடக்குமோ தெரியாது. ஆனால் ஒரு கூட்டுக் குழு அமைக்க யாருடைய உத்தரவும் வேண்டாம். வாடகை வீடுகளுக்கு ஒரு பதிவேடு, எழுத்தில் ஒரு உடன்படிக்கை, முற்பணத்துக்கு ஒரு எல்லை, சாதி மதம் கேட்டு அறை மறுத்தால் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்குவது, பகிடிவதை நடக்கும் வீட்டைப் பற்றி அயலார் இரவிலும் கூப்பிடக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம். அன்ரிமாரை அந்தக் குழுவில் உட்கார வையுங்கள். விடுதி நடத்துவதில் அவர்களுக்கு இருக்கிற அனுபவம் வளாகத்துக்குள் எவருக்கும் இல்லை. வீட்டு வருமானம் வெளியே தெரிந்தால் வரி வரும் என்று அவர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்தைப் பேசித்தான் தீர்க்கவேண்டும்.

கடைசியாகக் கிளிநொச்சி. அறிவியல்நகரில் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இயங்குகின்றன. ஏ-9 வீதியோரம், யுத்தம் துடைத்துவிட்டுப் போன வெளி. பேராதனைக்காரர் கனவு கண்ட மாதிரி வெறுங்காணி. இப்போதைக்கு அங்கே அயல் என்று சொல்ல அதிகம் இல்லை, ஆனால் வரும். வந்துகொண்டிருக்கிறது. மீள்குடியேறி, காணி உறுதிக்கு இன்னும் அலைகிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அறை வாடகை என்ற ஒரு வருமானம் இருக்கிறது என்று அவர்களுக்கு இனித்தான் தெரியவரும். காணி விலை ஏறத் தொடங்கினால் முதலில் விற்றுவிட்டுப் போகிறவர்களும் அவர்களாகவே இருப்பார்கள், வாங்குகிறவர்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருப்பார்கள். திருநெல்வேலியில் ஐம்பது வருடம் யாரும் திட்டமிடாமல் நடந்ததை அங்கே ஐந்து வருடத்துக்குள் திட்டமிடலாம். எங்கே அறைகள் வரலாம், எந்தக் குளத்தின் நீரேந்து பகுதியில் வரக்கூடாது, கட்டுவதற்குக் கரைச்சிப் பிரதேச சபை யாருக்குக் கடன் வழி காட்டலாம், சந்திக்கடைகளில் முதல் இடம் யாருக்கு என்றெல்லாம் இப்போதே பேசலாம். பொறியியல் பீடத்துக்கும் விவசாய பீடத்துக்கும் இதைவிடக் கிட்டிய பாடம் எது?

கிளிநொச்சியிலிருந்து இரண்டு விரிவுரையாளர்களும், தங்கள் காணியைப் பற்றிக் கேட்கவென்று ஒரு குடும்பமும் பின் வரிசையில் இருக்கிறார்கள். கேள்வி நேரத்தை அவர்களிடமிருந்து தொடங்கலாம் என்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.